மாமியாரின் கழுத்து மணி

என் அக்காவுக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில் நால்வர் பேசினர். நால்வரும் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசினர்.

முதலாமவர் அவளை அமைதியின் உருவம் என்றார். இரண்டாமவர், அவள் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை என்றார். பொறுமைக்கு அவளையே எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டும் என்பது மூன்றாமவரின் கருத்து. நான்காமவர் இம்மூன்றையும் சேர்த்து மறுபடியும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில், ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அச்சிட்டவர் அவளை அறியாதவர். பேசியவர்களோ அவளுடன் ஆண்டுக்கணக்கில் ஒரே லாயத்தில் குதிரைச் சாணம் அள்ளியவர்கள்.

பக்கத்தில் இருந்த என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க, எழுந்து திருத்தப் போறீங்களா? இது பரீட்சைப் பேப்பர் இல்ல. சும்மா உக்காருங்க."

என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

"என் அக்கா அமைதியானவள் அல்லள்" என்று தொடங்கினேன். "அவள் லாயத்துக்குள் நுழைந்தால் கூரையில் இருக்கும் புறாக்கள் வெளியேறும். பேருந்து தாமதமானால் ஓட்டுநரிடம் காரணம் கேட்பாள். அந்தக் காரணம் பிடிக்காவிட்டால் வேறு காரணம் கேட்பாள். பொறுமை என்னும் சொல்லைப் பிறருக்கு அறிவுரை கூறும்போது மட்டுமே பயன்படுத்தினாள். ஆண்டவன்மீது அவளுக்கு இருந்த நம்பிக்கை பெரிது. அதனால்தான் நாள்தோறும் அவனோடு சண்டையிட்டாள். இல்லாத ஒருவனோடு எவளாவது சண்டை போடுவாளா என்று, நம்பிக்கை இல்லாத என்னிடமே வாதாடினாள். அவளை நினைப்பதாக இருந்தால் அவளையே நினையுங்கள். அவளைவிட நல்லவளாக ஒருத்தியைச் செய்து, அவள் இடத்தில் வைக்காதீர்கள்."

கூட்டம் முதலில் தயங்கியது. பிறகு ஓர் ஓரத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. சிரித்தவர் ஓய்வுபெற்ற செவிலியர். லாயத்தில் எல்லாருக்கும் நர்சம்மா. அக்காவின் நெருங்கிய தோழி. சிரிக்கத் தொடங்கியவர் அப்படியே அழுதார். பதாகைக்கு முன்னால் அன்று உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்.

அக்கா இரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலை பார்த்தவள். "ஊர் ஊரா டிக்கெட் குடுத்தேன், ஒரு ஊரையும் பாக்கல" என்று ஓய்வு பெற்ற மறுநாளே பெட்டியைக் கட்டினாள். திருமணம் செய்துகொள்ளவில்லை; கேட்டவர்களிடம் நேரமில்லை என்றாள். சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு மண்ணெண்ணெய் வண்டி இழுத்து வரும் குதிரையின் பின்னால் நடந்துபோய், தெரு தெருவாகத் தேடி அழைத்துவரப்பட்டவள். எனவே, ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் கடைசியில் ஒரு லாயத்தின் வாசலில் போய் நின்றதில் எங்களுக்கு வியப்பு ஏற்படவில்லை.

அந்த லாயம் நகரத்தின் விளிம்பில், குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நடக்க இயலாத, பார்வையற்ற பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி, திடலைச் சுற்றி மெல்ல நடத்திவருவார்கள். குதிரையின் நடை பிள்ளைகளின் முதுகுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் என்று மருத்துவர்கள் அனுப்பிவைப்பார்கள். வேலை செய்வோர் அனைவரும் தன்னார்வலர்கள். அங்கே அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது, பூங்காவில் வண்டி இழுத்து ஓய்ந்துபோயிருந்த ஒரு வெள்ளைப் பெண்குதிரை. அது பிறருடைய சேணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வைக்கோலைக் கிளறி, குறை கண்டுபிடித்த பிறகே உண்ணும். புதிதாக வருபவரை ஒரு முறை கடிக்கும். ஆகவே அதற்கு மாமியார் என்று பெயர் வந்தது. "கல்யாணமே பண்ணாம மாமியார் கிடைச்ச ஒரே ஆளு நான்தான்" என்பாள் அக்கா.

மாமியாரின் கழுத்தில் அவள் ஒரு சிறிய பித்தளை மணியைக் கட்டினாள். பார்வையற்ற பிள்ளைகள் குதிரை எங்கே நிற்கிறது என்று அறிவதற்காக. ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் அதைக் கழற்றி, லாயத்தின் கதவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிடுவாள். போன இடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, "போனை மாமியார் காதுல வைங்க" என்பாள். பொறுப்பாளர் திட்டிக்கொண்டே வைப்பார்.

அவள் இறந்த பிறகு நர்சம்மா மாமியாரின் கழுத்திலிருந்து அந்த மணியைக் கழற்றி அதே ஆணியில் மாட்டி, ஒரு நீல நாடாவையும் கட்டினார். "அக்கா ஊருக்குப் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கறோம், சார்" என்றார். மேடைப் பேச்சுகள் அனைத்தையும்விட அது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. நன்று என்று சொன்னேன்.

நினைவுக் கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, லாயத்தின் பொறுப்பாளர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார்.

"நல்லாப் பேசினீங்க சார். இப்ப நான் ஒரு கெட்ட விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"மாமியார் வேலை செய்ய மாட்டேங்குறா. அக்கா போனதுலேருந்தே இப்படித்தான். சேணம் போட விடுறா, கடிவாளம் மாட்ட விடுறா, திடல் வாசல் வரைக்கும் சமர்த்தா வர்றா. அங்க வந்து நின்னுடுறா. இழுத்தா கல்லு மாதிரி நிக்கிறா. பிள்ளைங்கள எப்படி ஏத்துறது?"

"துக்கமா இருக்கும்."

"எனக்கும் துக்கம்தான் சார். நான் வேலைக்கு வரலையா?"

பொறுப்பாளரே தொடர்ந்தார்.

"ஒருத்தர் நல்ல சாதுவான குதிரை ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருக்கார். நிறுத்த இடமில்ல. வேலை செய்யாத குதிரைய வெச்சுக்கிட்டு, வேலை செய்யுற குதிரைய வேணாம்னு சொல்ல முடியுமா? கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. சனிக்கிழமை காலையில குதிரைத் தரகர் ஒருத்தர் வண்டி கொண்டு வர்றார்."

"தரகர் எங்க கொண்டு போவார்?"

பொறுப்பாளர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "அத அவர் முகத்தப் பார்த்துக் கேக்க எனக்குத் தைரியம் வரல சார்."

மருத்துவமனையில், பிராணவாயு முகமூடியை ஒரு கையால் விலக்கிவிட்டு அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "டேய், மாமியாரப் பாத்துப்பியா?" பாத்துக்கறேன் அக்கா என்று சொன்னேன். குதிரைக்குக் கை எட்டும் தொலைவில் வாழ்நாளில் ஒருமுறைகூட நின்றிராதவன் கொடுத்த வாக்கு அது. இப்போது அது சனிக்கிழமைக்குள் நிறைவேற வேண்டும். இல்லையேல் நிறைவேறவே போவதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"மூணாவது மாடி. லிஃப்டும் இல்ல."

"படி ஏறப் பழக்கிடுங்க. நீங்க பழக்காத கழுதையா?"

என் மாணவர்களைக் கழுதை என்று அழைத்தது நான். அவளுக்கு அந்த உரிமை இல்லை. அதைச் சுட்டிக்காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, மறுநாள் காலை ஒரு பை நிறையக் காரட்டை நறுக்கி என் கையில் கொடுத்தாள்.

அந்த வாரம் நாள்தோறும் லாயத்துக்குச் சென்றேன். வாசலைத் தாண்டும்போது நிமிர்ந்து அந்த மணியைப் பார்ப்பேன். நாடாவோடு அது காற்றில் ஆடும். அக்கா எங்கோ ஓர் இரயிலில், சன்னலோரத்தில், எதிரில் இருப்பவரிடம் எதையோ வாதாடிக்கொண்டு போகிறாள் என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்துக்காகவே நான் சற்று மெதுவாக நடந்தேன் என்று சொல்லலாம்.

உள்ளே எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினர். வாளியைக்கூட ஓசையின்றி வைத்தனர். மாமியாருக்குச் சேணம் போடும் பெண்கள் ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொண்டனர். துக்க வீட்டின் ஒழுங்கு அது என்பதால் எனக்கும் அது சரியாகவே பட்டது.

மாமியார் காரட்டைத் தின்றாள். என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியையும் தின்றாள். அக்காவின் பழைய சால்வையை என் தோளில் போர்த்திக்கொண்டு நின்றேன். முகர்ந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆள்மாறாட்டம் செய்பவனைத் தேர்வு மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை அது. வேறொரு குதிரையை முன்னால் நடக்கவிட்டுப் பார்த்தோம். திடலுக்கு வேறு வாசல் வழியாக அழைத்துச்சென்றோம். எதற்கும் பயனில்லை. வாசல்வரை வருவாள், நிற்பாள், தலையைத் திருப்பிச் சாலையைப் பார்ப்பாள். தொட்டியருகே பேருந்து நிற்கும் ஓசை கேட்டால் இரு காதுகளையும் நிமிர்த்துவாள். பேருந்து போய்விடும். காதுகள் தளரும்.

"முரட்டுத்தனம் இல்ல சார்" என்றார் நர்சம்மா, கிசுகிசுத்த குரலில். "முரட்டுத்தனம்னா நான் பாத்துக்குவேன். பாதி ஊருக்கு ஊசி போட்டவ நான். இது என்னன்னே தெரியல."

சனிக்கிழமை காலை நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது தரகரின் வண்டி முற்றத்தில் நின்றிருந்தது. பின்பலகையை இறக்கி வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கொடியவர் ஒருவரை எதிர்பார்த்து, சொல்ல வேண்டிய சுடுசொற்களை வழி நெடுகிலும் அடுக்கி வைத்திருந்த எனக்கு ஏமாற்றம். அவர் வணக்கம் சொன்னார். என் மனைவி உட்கார்வதற்கு மரப்பெட்டி ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். மாமியாரை வெளியே அழைத்து வந்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தியிருந்தனர். அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது குருவி வந்தாள். பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள்; பிறவியிலேயே பார்வை இல்லை. ஓயாமல் பேசுவதால் அக்கா வைத்த பெயர் அது. மாமியாரைத் தவிர வேறு குதிரையில் ஏறாதவள், ஒரு மாதமாக எதிலும் ஏறவில்லை. விடைபெற்றுக்கொள்ளட்டும் என்று தந்தை அழைத்து வந்திருந்தார்.

காற்று வீசியது. கதவுக்கு மேலே மணி ஒலித்தது.

குருவி தந்தையின் கையை விட்டாள். இரு கைகளையும் தன் தலைக்குச் சற்று மேலே, ஒரு குதிரையின் கழுத்து இருக்கக்கூடிய உயரத்தில் நீட்டிக்கொண்டு, தயக்கமே இல்லாமல் நடந்தாள். நேராகச் சென்று லாயத்தின் கதவைத் தொட்டாள். பலகையைத் தடவினாள். இன்னும் மேலே தடவினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, மாமியார் எங்க? மணி இங்கதான் கேக்குது."

"மாமியார் அந்தப் பக்கம் நிக்கிறாம்மா. மணி மட்டும் கதவுல இருக்கு."

"கதவுலயா? அப்ப அக்கா ஊருக்கா போயிருக்காங்க? செத்துட்டாங்கன்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நர்சம்மாவைப் பார்த்தேன்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவள் முகம் சாலையை நோக்கி இருந்தது. ஊருக்குப் புறப்படும் நாளில் அக்கா எப்படி விடைபெறுவாள் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது; வழியனுப்ப வரும்போதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, மணியைக் கழற்றி, இரண்டு தெருவுக்குக் கேட்கும் குரலில் சொல்வாள்: "இந்தா பாரு, நான் ஊருக்குப் போறேன். வர்ற வரைக்கும் உனக்கு லீவு. எவன் கூப்பிட்டாலும் போகாத." அவள் திரும்பி வந்து மணியைக் கட்டும்வரை மாமியாருக்கு யாரும் சேணம் வைக்க மாட்டார்கள். லாயத்தின் நடைமுறை அது. எங்கள் அனைவருக்கும் தெரிந்த நடைமுறை. அதனால்தான் மணியை அங்கே மாட்டினோம். அதனால்தான் அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. மணி என்ன சொல்கிறதோ அதை எங்களைவிட ஒழுங்காகக் கேட்டு நடப்பவள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"அவ முரண்டு பிடிக்கல" என்றேன் பொறுப்பாளரிடம். "அவளுக்கு இன்னும் லீவு முடியல. மணி ஆணியில இருக்கற வரைக்கும் அக்கா வருவான்னு அவளுக்குக் கணக்கு. மணியக் கழட்டி அவ கழுத்துல கட்டணும்."

பொறுப்பாளர் கதவை நோக்கி ஓரடி வைத்தார். நர்சம்மா அவருக்கு முன்னால் போய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அத எடுக்காதீங்க. அத எடுத்துட்டா…"

பாதி ஊருக்கு ஊசி போட்ட அந்தக் கைகள் கதவின் இரு பக்கத்தையும் பிடித்திருந்தன.

"எடுத்துட்டா அவ ஊருக்குப் போகலன்னு ஆயிடும்" என்றேன். "எனக்கும் அதே பயம்தான்மா. இந்த வாரம் பூரா அண்ணாந்து பாத்துக்கிட்டேதானே உள்ள வந்தேன். நமக்கு அது சுகமா இருக்கு. அவ பாவம், தினமும் பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

தரகர் தேநீர்க் கோப்பையை ஓசையின்றிக் கீழே வைத்தார். பிறகு நர்சம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒதுங்கினார். உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"ஒரு கால் ஆடும். நான் புடிச்சிக்கறேன். நீங்களே எடுங்க."

ஏறினேன். நாடாவின் முடிச்சு இறுகியிருந்தது. கீழே என் மனைவி, "பாத்துங்க, இன்னொரு நினைவுக் கூட்டமெல்லாம் என்னால ஏற்பாடு பண்ண முடியாது" என்றாள். மணி கழன்று என் கைக்கு வந்தபோது, நினைத்ததைவிட மிகச் சிறியதாக இருந்தது.

அதை மாமியாரிடம் எடுத்துச்சென்றவனும் நானே. வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. நான் நடக்க நடக்க மணி என் கையிலேயே ஒலித்தது. அந்த ஒலி கேட்டதும் அவள் சாலையிலிருந்து தலையைத் திருப்பினாள். என் கையை முகர்ந்தாள். பிறகு, வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை தலை குனிவதுபோலக் கழுத்தைத் தாழ்த்தினாள். மணி கோத்திருந்த தோல்வாரின் பூட்டை மாட்டும்வரை அவளுடைய வெதுவெதுப்பான மூச்சு என் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா வரல" என்று அவளிடம் சொன்னேன். யாராவது அவளிடம் சொல்லியாக வேண்டும்.

சேணம் வைத்தனர். குருவிக்குத் தலைக்கவசத்தை மாட்டி ஏற்றினர். பொறுப்பாளர் முன்கயிற்றைப் பிடித்தார். நர்சம்மாவும் நானும் இரு பக்கமும் நடந்தோம். முற்றத்தைக் கடந்து திடலின் வாசலுக்கு வந்தோம்.

மாமியார் நின்றாள்.

தரகர் வேலியோரம் வந்து நின்றுகொண்டார். "இதுக்குத்தான் முக்காலி போட்டு ஏறினீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார். அதில் ஏளனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

"வாம்மா" என்று கெஞ்சினார் பொறுப்பாளர், மிகத் தாழ்ந்த குரலில்.

"வா ராசாத்தி" என்றார் நர்சம்மா, அதைவிடத் தாழ்ந்த குரலில்.

நான் எரிச்சலோடு தலையை நிமிர்த்தினேன். லாயத்தின் கூரை முழுவதும் புறாக்கள். வரிசை வரிசையாக, அச்சமே இல்லாமல் அமர்ந்திருந்தன. அக்கா இருந்தவரை அந்தக் கூரையில் ஒரு புறாவும் ஐந்து நிமிடம் நிலைத்து அமர்ந்ததில்லை.

"பிரார்த்தனை யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். எந்தப் பிள்ளையை ஏற்றினாலும் இந்த வாசலில் நின்று அக்கா ஒரு பிரார்த்தனை சொல்வாள். அது முடிந்த பிறகே குதிரை நடக்கும்.

"சொன்னேனே" என்றார் நர்சம்மா. "தினமும் சொல்றேன். மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள சொன்னா ஆண்டவனுக்குக் கேக்கலாம். மாமியாருக்கு எப்படிக் கேக்கும்?"

"என்னால சத்தமா முடியாது சார். அழுதுடுவேன். நீங்க சொல்லுங்க."

நம்பிக்கை இல்லாதவன் நான். அதை மறைத்தவனும் அல்லன். பின்னால் தரகரின் வண்டி, பின்பலகையை இறக்கியபடி நின்றிருந்தது. கைகளைக் கூப்பினேன்.

"இறைவா, இக்குழந்தைக்கு எவ்வித ஊறும் நேராவண்ணம் காத்தருள்வாயாக" என்றேன்.

மாமியாரின் ஒரு காது மட்டும் திரும்பியது. குதிரைமேல் இருந்தபடி குருவி சிரித்துவிட்டாள்.

"அக்கா இப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க. இது புஸ்தகம் மாதிரி இருக்கு. அக்கா திட்டுவாங்க."

"யார?"

"சாமியத்தான்."

வேலியோரத்திலிருந்து என் மனைவி, "அதான் வருமே உங்களுக்கு, திட்டுங்க" என்றாள்.

மூச்சை இழுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருப்பவனை இருந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடும் குரல் ஒன்று எனக்கு உண்டு. ஓய்வு பெற்றபின் அதற்கு வேலை இருந்ததில்லை. அந்தக் குரலில், அக்காவின் சொற்களை, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"ஏய் ஆண்டவனே! எங்க பாத்துக்கிட்டிருக்க? இங்க பாரு! இந்தப் பிள்ளைய உன்ன நம்பித்தான் ஏத்தியிருக்கேன். விழுந்துச்சுன்னா உன்னச் சும்மா விடமாட்டேன். காதுல விழுந்துச்சா? சரி, நட!"

கூரையிலிருந்த புறாக்கள் அனைத்தும் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன. நர்சம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமியாரின் இரண்டு காதுகளும் முன்னோக்கி நிமிர்ந்தன. அவள் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். முன்கால் ஒன்றை எடுத்து வாசலுக்கு அப்பால் வைத்தாள்.

ஆண்டுக்கணக்கில் அக்காவோடு வாதாடி நான் ஒப்புக்கொள்ளாத ஒருவனை, எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டுத் திட்டியிருந்தேன். அவனிடமிருந்து மறுமொழி வரவில்லை. குதிரை நடந்தது. அக்கா இருந்திருந்தால், வேறென்ன மறுமொழி வேணும் உனக்கு என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் விடை எழுதவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. "இன்னொண்ணு" என்றாள் குருவி. மணி அவளுக்கு முன்னால் ஒலித்துக்கொண்டே போயிற்று.

தரகர் வண்டியின் பின்பலகையைத் தானே தூக்கி மாட்டினார். "அடுத்த வாரம் மறுபடியும் நின்னுட்டா ஒரு போன் போடுங்க" என்றார் பொறுப்பாளரிடம். பொறுப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போட மாட்டோம்" என்றார். ஒரு மாதமாகத் தாழ்ந்திருந்த அவர் குரல் அன்றுதான் அந்த முற்றத்தில் முழு அளவில் கேட்டது. சாதுவான அந்தப் புதிய குதிரையை நிறுத்த, சேணங்கள் வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். சேணங்கள் இப்போது அவருடைய அலுவலக நாற்காலிகளில் இருக்கின்றன; கமிட்டிக் கூட்டத்தை அனைவரும் நின்றுகொண்டே நடத்துகிறார்கள். அதனால் கூட்டங்கள் விரைவில் முடிகின்றன.

கதவுக்கு மேலிருந்த ஆணியைப் பிடுங்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார் நர்சம்மா. குருவியின் தலைக்கவசத்தை அதில் மாட்டினார். அந்த நீல நாடாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். நான் வாரந்தோறும் சென்று திட்டிவிட்டு வருகிறேன். அதைப் பிரார்த்தனை என்று சொல்பவர்களை நான் திருத்துவதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் என் மனைவி அலமாரியின்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். கடலோரத்தில் குதிரைகள் கட்டின்றித் திரியும் ஓர் ஊரைப் பற்றி அக்கா ஓயாமல் சொல்வாள். "அவங்க பாத்ததுல ஒரு ஊரையாவது நாம பாத்துடணும். நீங்க இருக்கற இடத்துலேருந்தே உலகத்தத் திருத்தினது போதும்" என்றாள். புறப்படுவதற்கு முன்னர் லாயத்துக்குச் சென்றேன். நர்சம்மா மாமியாரின் கழுத்திலிருந்த வார்ப்பூட்டில் கை வைத்தார்.

"கழட்டி மாட்டிடவா சார்? நீங்க ஊருக்குப் போறீங்களே."

"வேணாம். நான் போனா அவ ஏன் லீவு போடணும்? நீங்க திட்டுங்க."

"எனக்கு வராது."

"இப்ப என்கிட்டப் பழகுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏய் ஆண்டவனே என்று தொடங்கினார். குரல் உடைந்தது, மறுபடியும் தொடங்கினார். மூன்றாம் முறை, கூரையின் ஓரத்திலிருந்த புறாக்கள் இரண்டு பறந்தன. தொடக்கத்துக்கு அது போதும்.

கடலோர ஊரில் அக்கா சொன்ன குதிரைகளைப் பார்த்தோம். ஈர மணலில் அவை காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. என் மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றை நோக்கி நடந்தாள். நான் ஒரு தேநீர்க் கடையின் வாசலில் நின்று லாயத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுப்பாளர் எடுத்தார். எல்லாரும் நலம் என்றார். குருவி இரண்டு சுற்று போய்விட்டு, மூன்றாவது சுற்றுக்குச் சண்டை பிடிக்கிறாள் என்றார்.

"வேற ஏதாவது சார்?"

சொல்லத் தயங்கினேன். "போனைக் கொஞ்சம்… அவ காதுல வைங்க."

"நீங்களுமா சார்" என்றார். ஆனாலும் அவர் நடக்கும் ஓசை கேட்டது. வாளி ஒன்று உருளும் ஓசை கேட்டது. யாரோ யாரையோ உரக்க அழைத்தார்கள். பிறகு ஒரு மூச்சு. அங்கே அவள் தலையை அசைத்தாள் போலும், மணி ஒலித்தது.